கூடையில் நாலு அப்பம்

"நாலுதானே இருக்கு?" என்றார் அம்மா.

இஸ்ரேலில் கலிலேயக் கடலோரம் இருக்கும் தப்கா ஆலயத்தில், பலிபீடத்துக்கு முன்னால் தரையில் பதித்திருக்கும் அந்தச் சின்னக் கல் படத்தைப் பார்த்துத்தான் கேட்டார். இரண்டு பக்கமும் இரண்டு மீன், நடுவில் ஒரு கூடை, கூடைக்குள் சிலுவைக் குறி போட்ட அப்பங்கள். 5-ம் நூற்றாண்டு வேலைப்பாடு. பின்னால் இன்னொரு நாட்டுக் குழு நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. வழிகாட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா அசையவில்லை. விரலை நீட்டி இன்னொரு முறை எண்ணினார். நாலுதான்.

இந்த இடத்துக்கு வந்து சேர எங்களுக்குப் பத்து வருடம் ஆனது.

2009-ல் என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,100 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பத்தொரு நாள் இருந்தான். மூக்கில் போட்ட குழாய் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மில்லி பால். அது மூன்றான அன்று வார்டு வாசலில் அம்மா பக்கத்துப் பெஞ்சுக்காரர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். கொடுத்து முடிப்பதற்குள் வயிறு ஏற்கவில்லை என்று மறுபடி இரண்டுக்கு வந்துவிட்டது. அந்த ராத்திரிதான் அவர் நேர்ந்துகொண்டார்: "ஆண்டவரே, இந்தப் புள்ள பொழச்சு, சோறு தின்னு வளந்தான்னா, நீ அப்பம் பெருக்குன எடத்துக்கே கூட்டியாந்து முட்டி போட வைக்கிறேன்."

வேளாங்கண்ணி என்றோ பூண்டி என்றோ சொல்லியிருந்தால் பஸ் ஏறிப் போய்த் தீர்த்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அம்மா 1982-ல் சத்துணவு தொடங்கியபோதே சமையலராகச் சேர்ந்தவர். லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் 27 வருடம் உலை வைத்தவர். ஐந்து அப்பம், இரண்டு மீனைக் கொண்டு ஆண்டவர் ஐயாயிரம் பேரைப் பசியாற்றிய புதுமையை அவரால் எங்களைப் போலக் கேட்க முடியாது. கோயிலில் அந்த நற்செய்தி வாசிக்கும்போதெல்லாம் மனதுக்குள் கணக்குப் போடுவார். பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்றால் ஐயாயிரம் பேருக்கு ஐந்நூறு கிலோ. "அதுவும் ஆம்பளைங்க. நூறு கிராம் எங்க பத்தும்?"

அவருக்கு அந்தப் பகுதியில் ஒரு மனத்தாங்கலும் உண்டு. மத்தேயு, பெண்களும் பிள்ளைகளும் நீங்கலாக ஐயாயிரம் ஆண்கள் என்று எழுதிவைத்துவிட்டார். "பந்தியில மொதல்ல பிள்ளைங்களத்தான எண்ணணும்? எண்ணாம எப்படி உலை வைக்கிறது?" என்பார். எங்கள் ஊரில் நாலு பங்குச் சாமியார்கள் இந்தக் கேள்விக்கு நாலு விதமாகப் பதில் சொல்லிவிட்டு மாறிப் போய்விட்டார்கள்.

சீட்டுப் பணத்தில் மூன்று டிக்கெட்தான் முடிந்தது. 2019 மே மாதம் அம்மா, நான், மகன் மூவரும் கிளம்பினோம். அம்மாவுக்கு மூட்டு வலி. முன்பதிவு செய்தபோதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லியிருந்தோம், ஏற்பாட்டாளரும் சரி என்றார். ஜோர்டானின் அம்மான் நகரில் இறங்கிக் கேட்டால், "அங்க போய்ப் பார்த்துக்கலாம்மா" என்றார். எல்லையில் நாலு மணி நேரம். அங்கேயும் போய்ப் பார்த்துக்கொண்டோம், நாற்காலி வரவில்லை. கடைசி நாள்வரை வரவில்லை. என் தோளும் மகன் தோளும்தான்.

பஸ்ஸில் 42 பேர். அதில் திருச்சிக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற வங்கிக்காரர், கையில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம். விவிலியத்தில் வரும் எண்களுக்கெல்லாம் பொருள் எழுதி வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை நோட்டு அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். ஏழு நிறைவு, பன்னிரண்டு இஸ்ரயேலின் குலங்கள், நாற்பது சோதனையின் காலம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். நோவாவுக்கு மழை நாற்பது நாள், சீனாய் மலையில் மோசே நாற்பது நாள், பாலைவனத்தில் ஆண்டவர் நாற்பது நாள். எனக்கு உடனே பரபரப்பாகிவிட்டது. என் மகன் பெட்டியில் இருந்தது நாற்பத்தொரு நாள் என்றேன். அவர் நோட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். "நாற்பத்தொன்னுக்கு ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் வருத்தமாக.

"ஒரு நாள் கூட வச்சுப் பார்த்துக்கிட்டாங்க. அவ்வளவுதான்" என்றார் அம்மா.

ஆண்டவர் ஒரு கல்யாண வீட்டில் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானா ஊரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆலயத்துக்குப் போகும் சந்து முழுக்கக் கடைகள், கடை முழுக்கக் "கானா திராட்சை ரசம்". ஒருவர் கையைப் பிடித்தே இழுத்துச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுக்கிறார். குடித்தால் காசு, குடிக்காவிட்டால் முறைப்பு. உள்ளே எங்கள் குழுத் தம்பதிகள் திருமண வாக்கைப் புதுப்பித்துக்கொண்டார்கள். அம்மாவும் நானும் துணையில்லாமல் ஓர் ஓரமாக நின்றோம். கீழே பழைய கல்தொட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆறு தொட்டி என்பது ஏழுக்கு ஒன்று குறைவு, அந்தக் குறையைத்தான் ஆண்டவர் ரசத்தால் நிரப்பினார் என்றார் அண்ணன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அதைவிட எங்கள் குழுவோடு வந்த ஃபாதர் சொன்ன அளவுதான் மலைப்பாக இருந்தது. நம் மொழிபெயர்ப்பில் தொட்டிக்கு "இரண்டு மூன்று குடம்" என்று வருகிறதே, அதைக் கேட்டு நாம் இடுப்புக் குடத்தை நினைத்துக்கொள்கிறோம். கிரேக்க மூலத்தில் இருக்கும் அளவு ஒன்றே கிட்டத்தட்ட நாற்பது லிட்டராம். அப்படியானால் ஆறு தொட்டிக்கும் சேர்த்து ஐந்நூறு லிட்டர் வரும், எழுநூறுகூட ஆகலாம். அம்மா கேட்டது வேறு: "அவ்வளவு தண்ணியச் சொமந்து ஊத்துன வேலைக்காரங்களுக்கு மூட்டு என்னத்துக்கு ஆச்சோ."

மறுநாள் காலை கலிலேயக் கடல். கடல் என்று பெயர்தான், ஏரி. மரப் படகில் ஏறியதும் நம் தேசியக் கொடியை ஏற்றி ஜன கண மன போட்டார்கள். அங்கே வரும் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் அவரவர் கொடியை ஏற்றுவார்களாம். நடு ஏரியில் இன்ஜினை நிறுத்தினார்கள். ஃபாதர் மாற்கு எட்டாம் அதிகாரத்தை எடுத்தார். சீடர்கள் படகில் அப்பம் கொண்டுவர மறந்துவிட்டுக் கவலைப்படும் இடம். அதை ஒரு படகிலேயே உட்கார்ந்து கேட்டோம்.

ஆண்டவர் கேட்கிறார்: ஐயாயிரம் பேருக்கு ஐந்து அப்பத்தைப் பிட்டபோது எத்தனை கூடை எடுத்தீர்கள்? ஃபாதர் நிறுத்தினார். நாங்கள் ஞானோபதேச வகுப்பு மாதிரி ஒன்றாகக் கத்தினோம், "பன்னிரண்டு!" நாலாயிரம் பேருக்கு ஏழு அப்பத்தைப் பிட்டபோது? "ஏழு!" அடுத்த கேள்வியை ஃபாதர் மெதுவாகத்தான் வாசித்தார். இன்னும் உங்களுக்குப் புரியவில்லையா?

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. படகில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும்தான்.

நோட்டு அண்ணனே நோட்டை மூடி வைத்துவிட்டார். அப்புறம் கரை நெருங்கும்போது மெல்ல ஆரம்பித்தார். பன்னிரண்டு யூதர்களுக்கு, ஏழு பிற இனத்தாருக்கு. அந்த நாலாயிரம் பேர் பகுதிக்குச் சற்று முன்னால் தெக்கப்பொலி நாட்டின் பெயர் வருகிறது, பிற இனத்தார் வாழ்ந்த பக்கம். கூடைக்கு மூலத்தில் இரண்டு வேறு சொற்கள் என்றும் சொன்னார். பன்னிரண்டுக்கு வரும் கூடை ஒன்று, ஏழுக்கு வருவது வேறு. இந்த இரண்டாவது கூடைச் சொல்தான் தமஸ்குவில் பவுலை மதில் வழியாக இறக்கிவிட்ட கூடைக்கும் வருகிறதாம். ஆள் உட்காரும் கூடை! எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. அம்மாவிடம் சொன்னேன். "பரிமாறுனது பன்னெண்டு பேரு. ஆளுக்கு ஒரு கூடை எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. பந்தி முடிஞ்சா அப்படித்தான பொறுக்குவாங்க" என்றார். அதையும் மறுக்க முடியவில்லை.

மதியம் பேதுரு மீன் என்று தட்டில் ஒரு முழு மீனைப் பொரித்து வைத்தார்கள், தலை வால் கண்ணெல்லாம் சேர்த்து. அதற்குத் தனிக் காசு. அம்மா ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரு சிலேபிக் கெண்டை" என்றார். திலாப்பியாதான். உப்பு மட்டும் போட்டிருந்தார்கள், மிளகாய் இல்லை. சுற்றிலும் நம் ஆட்கள் ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம்தான் தப்கா. ஏழு ஊற்று என்று பொருள்படும் பழைய கிரேக்கப் பெயர் அரபியில் தேய்ந்து தப்கா ஆகியிருக்கிறது. இப்போதைய ஆலயம் 1982-ல் கட்டி முடித்தது. அடியில் இருப்பது பழைய ஆலயத்தின் தரை. 2015 ஜூனில் யாரோ தீ வைத்து முன்முற்றத்தை எரித்துவிட்டார்கள், நல்லவேளையாகக் கூடைப் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பலிபீடத்துக்குக் கீழே ஒரு கரடுமுரடான பாறை இருக்கிறது. ஆண்டவர் அப்பத்தை வைத்த கல். 4-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த எகேரியா என்ற பெண் யாத்ரீகர் காலத்திலேயே, நேர்ச்சைக்காரர்கள் இந்தக் கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுத்துப் போயிருக்கிறார்கள். நம் ஜனங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

வழிகாட்டி பத்து நிமிடம் என்றார். எங்களுக்கு முன்னால் போன குழு அந்தக் கல்லை மறித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் படம் எடுத்தது. கைக்கம்பியில் செல்போனை மாட்டி, அப்பத்துக்கும் தங்களுக்கும் சேர்த்து எடுத்தார்கள். முதுகைப் பார்த்துக்கொண்டே ஏழு நிமிடம் போனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பத்து வருட நேர்ச்சை, மூன்று நிமிடத்தில்.

சரி, இடம் கிடைத்தது. மகனை முன்னால் விட்டோம். அவன் முட்டி போட்டான். அம்மாவால் முட்டி போட முடியாது, டாக்டரே கூடாது என்று சொல்லியிருக்கிறார். நான் தடுப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி, அப்புறம் இன்னொன்றை மடக்கி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். பேரனின் தலையில் கையை வைத்தார். அன்று காலை ஓட்டலில் அவன் நாலு அவித்த முட்டையும் ஒரு தட்டு ரொட்டியும் தின்றுவிட்டு, இன்னும் எடுத்து வரலாமா என்று கேட்டிருந்தான்.

"ரெண்டு மில்லி குடிச்ச புள்ள, ஆண்டவரே" என்றார் அம்மா.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ரெண்டு மில்லி, ரெண்டு மில்லி. எனக்கு அந்த வார்டின் மருந்து வாசனை அப்படியே வந்தது. நர்ஸ் நோட்டில் எழுதும் அந்தச் சின்ன எண், அதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து எட்டி எட்டிப் படித்த நாங்கள். பின்னால் நின்ற வெளிநாட்டுப் பெண் ஒருவர், என்ன புரிந்ததோ, தன் குழுவைக் கையால் தடுத்து நிறுத்திவிட்டார். யார் பெற்ற மகளோ, ஆண்டவர் அவரை ஆசீர்வதிக்கட்டும். எனக்கு யோசித்து வைத்திருந்த செபம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. நன்றி ஆண்டவரே, நன்றி மாதாவே, அவ்வளவுதான். ஆலயம் எவ்வளவு பெரியது, தூண் எத்தனை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கண்ணைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தபோதுதான் அம்மா எண்ணினார்.

நாலு அப்பம் ஏன் என்பதற்கு ஃபாதர் பதில் வைத்திருந்தார். ஐந்தாவது அப்பம் பலிபீடத்தின் மேலே இருக்கிறது, ஒவ்வொரு திருப்பலியிலும் உடைக்கப்படும் அப்பம் அதுதான் என்று. எல்லோரும் "ஆ" என்றோம். அழகான விளக்கம், நான் நம்புகிறேன். "சாமி சொன்னா சரிதான்" என்று அம்மாவும் தலையாட்டினார். வெளியே வந்து, முற்றத்து மீன் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பையன் ஒண்ணத் தின்னுருப்பான்."

"எந்தப் பையன்?"

"அப்பம் கொண்டாந்த பையன்தான். காலையிலேர்ந்து பிரசங்கம் கேட்டிருக்கான். பசிக்காதா?"

என் மகனுக்குக் கணக்கு என்றால் உயிர். விடவில்லை. "அம்மாச்சி, அந்திரேயா பார்த்தப்பவே அஞ்சு இருந்துச்சே. ஒண்ணு தின்னுருந்தா மொதல்ல ஆறு இருந்திருக்கணும்."

"அப்ப ஆறுதான் கொண்டாந்திருப்பான். அவனையே எண்ணாதவங்க, அவன் கொண்டாந்தத எங்க எண்ணப் போறாங்க?"

இந்தச் சம்பவத்தை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அப்பத்தைக் கொடுத்த பையன் அந்த ஐயாயிரத்தில் சேரவில்லை என்பது எனக்கு அந்த நிமிடம்வரை தோன்றியதே இல்லை. மத்தேயுவின் கணக்கில் பிள்ளைகள் இல்லை, யோவானின் கதையில் பையன் இருக்கிறான். அம்மா இரண்டையும் ஒரே அடுப்பில் ஏற்றிவிட்டார். இருநூறு தெனாரியத்துக்கு வாங்கினாலும் ஆளுக்குக் கொஞ்சம்கூட வராது என்று பிலிப்பு கணக்குச் சொன்னார். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. கணக்குச் சரிதான், தப்பில்லை. எண்ணிக்கையில் வராத ஒருவன்தான் கையில் சாப்பாடு வைத்திருந்தான்.

அங்கிருந்து பேதுருவின் ஆலயம் கொஞ்ச தூரம்தான். தண்ணீரை ஒட்டிக் கருங்கல்லில் 1933-ல் கட்டிய சின்ன ஆலயம். உயிர்த்த ஆண்டவர் கரையில் மீன் சுட்டு வைத்துக் காத்திருந்த இடம். வலையில் 153 பெரிய மீன்கள். 150 என்றோ "ஏராளம்" என்றோ எழுதாமல் 153 என்று எழுதியிருக்கிறார்களே, யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணியிருக்க வேண்டும். அண்ணன் இந்த இடத்துக்காகவே காத்திருந்தார் போல. பத்துக் கட்டளையும் தூய ஆவியின் ஏழு கொடையும் சேர்ந்தால் பதினேழு, ஒன்று முதல் பதினேழுவரை கூட்டினால் 153, புனித அகுஸ்தினார் சொன்னது என்றார். மகன் கரையில் குச்சியால் மணலில் எழுதிக் கூட்டிப் பார்த்தான். சரியாக வந்தது. அப்புறம் அவனே ஒன்று கண்டுபிடித்தான். ஒன்று, ஐந்து, மூன்று மூன்றையும் தனித்தனியாகக் கனப்படுத்திக் கூட்டினாலும் 153. 1, 125, 27. அண்ணன் நோட்டில் அது இல்லை. உடனே எழுதிக்கொண்டார்.

அம்மாவுக்கு 153 என்றால் ஜெபமாலைதான். ஐம்பது ஐம்பதாக மூன்று சுற்றுச் சொல்லி, தொடக்கத்து மூன்றைச் சேர்த்தால் 153 அருள்நிறை மந்திரம். வார்டு வாசலில் நாற்பத்தொரு நாளும் அதைத்தான் சொன்னார். 2002-ல் ஒளியின் தேவ இரகசியங்கள் என்று இன்னோர் ஐம்பது சேர்ந்தபின் கணக்கு மாறிவிட்டதே என்றார் அண்ணன். "எனக்கு மீன் கணக்கே போதும் தம்பி" என்றார் அம்மா. கரையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, மாலையை எடுத்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மாலையில் ஒரு பத்து மணி உருட்டுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியைப் பஸ்ஸில் சொல்லி முடித்தார்.

எருசலேம் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், அவ்வளவு இடிபாடு. பெத்சதா குளத்தை மட்டும் சொல்கிறேன். முப்பத்தெட்டு வருடம் படுத்துக் கிடந்தவனை ஆண்டவர் எழுப்பிய இடம், புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் பக்கத்தில். ஐந்து மண்டபம் என்று யோவான் எழுதியதைச் சிலர் மோசேயின் ஐந்து நூல்களுக்கு அடையாளம், அப்படி ஒரு குளமே இருக்க முடியாது என்றார்களாம். தோண்டிப் பார்த்தால் இரண்டு குளம், நடுவில் ஒரு சுவர். நாலு பக்கம் நாலு மண்டபம், நடுச்சுவரில் ஐந்தாவது. அந்த முப்பத்தெட்டும் விவிலியத்தின் இணைச் சட்ட நூலில் இஸ்ரயேலர் காதேசுபர்னேயாவிலிருந்து செரேது ஓடையைக் கடக்கும்வரை அலைந்த வருடங்கள் என்றார் அண்ணன். மேலே நின்று பார்க்கும்போது கீழே ஆழமாக இடிந்த சுவர்கள், படிகள். அம்மா இறங்கவில்லை. "என்னை எறக்கிவிட ஆளில்லன்னுதானே அவனும் சொன்னான்" என்று சிரித்தார். ஏற்பாட்டாளர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்னம்மாள் ஆலயத்தில் குரல் எதிரொலிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். மாதா பாட்டு ஒன்றைத் தொடங்கினோம். 42 பேர் பாடியது கூரையில் பட்டு நானூறு பேர் பாடியது போல இறங்கி வந்தது.

ஊருக்கு வந்ததும் நேர்ச்சையின் மறுபாதி. கோயில் வாசலில் சோறு போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்புறம், இருநூறு பேருக்குக் கணக்குப் போட்டு அம்மாவே நின்று சாம்பார் சாதம் கிண்டினார். முதல் பந்தி முழுக்கப் பிள்ளைகளை உட்கார வைத்தார். அன்று சாயங்காலம் நோட்டு அண்ணன் போன் செய்தார். எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு மீதி என்று ஆர்வமாகக் கேட்டார். மீதி எங்கே அண்ணே, பத்தவே இல்லை, கடைசி ஒன்பது பேருக்குக் கடைத்தெருவில் பரோட்டா வாங்கிக் கொடுத்தோம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஒன்பதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அம்மா அண்டாவைக் கவிழ்த்துச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்கல்லாம் சாப்புட்டுச்சுல்ல?"

"சாப்புட்டாச்சும்மா."

"எண்ணுனியா?"